நடைபாதைப் பெட்டியும் மேயரின் பேனாவும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்தை ஒட்டி, ஈரி ஏரிக்கரையில் லேக்வுட் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 1982-இல் அந்த ஊர் நகராட்சியிடம் ‘பிளெய்ன் டீலர்’ நாளிதழ் ஒரு கோரிக்கை வைத்தது. 1842-இல் கிளீவ்லாந்தில் தொடங்கப்பட்ட பத்திரிகை அது. காசு போட்டால் கதவு திறக்கும் பத்திரிகைப் பெட்டிகளை ஊரின் நடைபாதைகளில் நிறுத்திக்கொள்ள இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. நகராட்சி மறுத்துவிட்டது. பொது இடத்தில் தனியார் எதையும் நிறுவக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது.

பத்திரிகை வழக்குப் போட்டது. முழுத் தடை செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதும், நகரமன்றம் உட்கார்ந்து புதுச் சட்டம் எழுதியது. பெட்டி வைக்க ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுப்பவரும் மேயர், மறுப்பவரும் மேயர். மறுத்தால் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியின் வடிவத்தை நகரின் கட்டடக்கலை வாரியம் ஏற்க வேண்டும். யாராவது தடுக்கி விழுந்து நகராட்சி மேல் வழக்கு வந்தால் ஈடுகட்ட 1 லட்சம் டாலருக்குக் காப்பீடு காட்ட வேண்டும். கடைசியாக ஒரு வரி: இவை தவிர, தேவையானவை, நியாயமானவை என்று மேயர் கருதும் வேறு நிபந்தனைகளும் விதிக்கப்படலாம்.

வாரியமும் காப்பீடும் கண்ணில் பெரிதாகத் தெரிந்தாலும், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டைக்கு உயிர்நாடி அந்தக் கடைசி வரியும் மேயரின் கையில் இருந்த அனுமதியும்தான். பெட்டி எத்தனை அடி உயரம் இருக்கலாம், தெருமுனையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று சட்டம் ஒரு அளவுகூடச் சொல்லவில்லை. மேயருக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே அளவு. தன்னைப் பற்றி எழுதும் பத்திரிகைக்கு இடம் தருவதா வேண்டாமா என்று ஆண்டுக்கு ஒருமுறை அவரே முடிவு செய்வார்.

நடைபாதையில் நிற்கும் தகரப் பெட்டிக்கு அடி, அங்குலக் கணக்கில் விதி எழுதுவது நகராட்சி எழுத்தரின் சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் அந்தக் கணக்கின் வரலாற்றைப் படித்தால், எழுத்துச் சுதந்திரத்தின் கணிசமான பகுதி அந்த அங்குலங்களுக்குள்தான் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பது புரியும்.

பெட்டிக்கு முன்னால் தெருவில் நின்றவர்கள் சிறுவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் பெருநகரங்களின் மாலைப் பத்திரிகைகளை விற்றுத் தீர்த்தவர்கள், கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு கூவித் திரிந்த ஏழைப் பையன்கள். பத்திரிகையைச் சொந்தக் காசில் வாங்கி விற்க வேண்டும். விற்காமல் மிஞ்சினால் நட்டம் பையனுக்கு. ஸ்பெயினோடு நடந்த போர்க் காலத்தில் நூறு பிரதிக்கு 50 சென்ட் என்றிருந்த மொத்த விலை 60 சென்ட் ஆனது. போர் முடிந்த பிறகும் புலிட்சரின் ‘வேர்ல்ட்’, ஹர்ஸ்ட்டின் ‘ஜர்னல்’ இரண்டும் பழைய விலைக்குத் திரும்ப மறுத்தன. 1899 ஜூலையில் நியூயார்க் பையன்கள் அவ்விரண்டையும் விற்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை குறையவில்லை. ஆனால் விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள இரு முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். அது சிறு வெற்றியல்ல.

காலம் மாறியது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். மக்கள் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். கூவி விற்க ஆள் கிடைப்பது அரிதானது. சில ஊர்களில் முதலில் வந்தது திறந்த தட்டு. பத்திரிகைகளை அடுக்கி வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியல். எடுப்பவர் தாமாகக் காசு போடுவார் என்ற நம்பிக்கையில் நடந்த வியாபாரம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் இத்தகைய தட்டுகளைச் செய்துவந்த சர்வன் வெண்டர் என்ற நிறுவனத்தின் ஜார்ஜ் தீமெயர் ஹெம்மட்டர், 1947-இல் காசு விழுந்தால்தான் கதவு திறக்கும் பெட்டியைக் கண்டுபிடித்தார். பத்திரிகையின் விலைக்கு ஏற்றபடி காசு வாங்கும் பொறியை மாற்றிக்கொள்ளலாம். பெரிய பொறியியல் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கும் கடை திறந்திருந்தது.

அந்தப் பெட்டியிலும் நம்பிக்கை மிச்சமிருந்தது. ஒரு பிரதிக்கான காசைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்கும். உள்ளே கட்டு முழுவதும் கைக்கெட்டும். பெரும்பாலோர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவை விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் அந்தத் தொழிலே ஓடியது. முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் முதல் பக்கத்தின் மேல்பாதி தெரியும். அந்தப் பாதியில் எந்தத் தலைப்பு, எந்தப் படம் வர வேண்டும் என்று ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இந்தக் கண்ணாடியும் ஒரு காரணம்.

டெக்சஸின் ஷைனர் என்ற சிற்றூரில், 1898-இல் கம்பிக் கூடை பின்னத் தொடங்கிய காஸ்பர் குடும்பத்தின் பட்டறை பின்னாளில் இந்தப் பெட்டிகளை நாடெங்கும் அனுப்பியது. லேக்வுட் சண்டை தொடங்கிய அதே 1982-இல், செப்டம்பர் 15 அன்று, ‘யுஎஸ்ஏ டுடே’ பிறந்தது. வண்ண அச்சு, சுருக்கமான செய்தி, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தேசிய நாளிதழ். ஊர் ஊராகச் சந்தாதாரர்கள் இல்லாத அந்தப் பத்திரிகைக்கு நடைபாதைதான் வாசல். ஒற்றைக் காலில் நிற்கும் தொலைக்காட்சிப் பெட்டி போலத் தன் பெட்டியை வடிவமைத்துத் தெருவுக்குத் தெரு நிறுத்தியது. மற்ற பத்திரிகைகளும் விடவில்லை. இலவச வார இதழ்கள், வீடு விற்பனை விளம்பர இதழ்கள், வேலைவாய்ப்பு ஏடுகள் என்று தெருமுனைகளில் பெட்டிகள் வரிசைகட்டின. விளக்குக் கம்பத்தோடும் மரத்தோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டன.

நகராட்சிகள் எரிச்சலடைந்ததில் நியாயம் இருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், கைத்தடியால் வழியைத் தட்டிப் பார்த்து நடப்பவருக்கும் அந்த வரிசை ஒரு சுவர்தான். பேருந்திலிருந்து இறங்கக் கால் வைக்க இடமில்லாத நிறுத்தங்கள் இருந்தன. தீயணைப்புக் குழாயை மறைத்து நின்ற பெட்டிகளும் உண்டு. ஆகவே ஊர்கள் சட்டம் எழுதத் தொடங்கின. எழுதியபோதுதான், தாங்கள் கை வைத்தது எவ்வளவு பழைய நெருப்பு என்று தெரிந்தது.

அந்த நெருப்பு ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் என்ற ஊரில் மூண்டது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஆல்மா லவ்வல் அங்கே மதத் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துவந்தார். நகர மேலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த அச்சுப் பொருளையும் விநியோகிக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். ஆண்டவர் இட்ட பணிக்கு மனிதரிடம் அனுமதி கேட்பது கீழ்ப்படியாமை என்று அவர் கேட்கவே இல்லை. 50 டாலர் அபராதம், கட்டாவிட்டால் 50 நாள் சிறை. 1938-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கியெறிந்தது. அச்சடிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அச்சடித்ததை மக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டால் முதல் உரிமைக்குப் பொருளில்லை என்ற வாதத்தை, 1878-இன் தீர்ப்பொன்றிலிருந்து எடுத்துத் தலைமை நீதிபதி ஹியூஸ் நிலைநாட்டினார். பத்திரிகை என்றால் நாளிதழ் மட்டுமல்ல, துண்டுப் பிரசுரமும்தான் என்றும் சொன்னார்.

அடுத்த ஆண்டு இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஜெர்சி சிட்டியின் மேயர் ஃபிராங்க் ஹேக் தன் ஊரில் தொழிற்சங்கக்காரர்களைக் கூட்டம் போடவிடாமலும் பிரசுரம் கொடுக்கவிடாமலும் விரட்டியடித்தார். தெருவும் பூங்காவும் யார் பெயரில் பட்டா இருந்தாலும், மக்கள் கூடவும் பேசவும் காலங்காலமாக ஒப்படைக்கப்பட்ட இடங்கள் என்ற கருத்து அந்த வழக்கில்தான் உருவம் பெற்றது. இன்னொன்று, லாஸ் ஏஞ்சலஸ், மில்வாக்கி, வூஸ்டர், இர்விங்டன் ஆகிய ஊர்களின் பிரசுரத் தடைகள் பற்றியது. தெரு குப்பையாகிறது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. குப்பை போடுபவரைத் தண்டியுங்கள், காகிதம் கொடுப்பவரைத் தடுக்காதீர்கள் என்றது நீதிமன்றம். இத்தனை எளிமையான பதிலைக் கேட்க நான்கு ஊர்களின் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் ஒரு வினோத வழக்கும் உண்டு. கிறெஸ்டென்சன் என்பவர் கடற்படை கழித்துவிட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பலை வாங்கி, நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு காட்டினார். தெருவில் விளம்பர நோட்டீஸ் கொடுக்கக் கூடாது என்று போலீஸ் தடுத்தது. அவர் நோட்டீஸின் ஒரு பக்கத்தில் விளம்பரம், மறுபக்கத்தில் நகராட்சிக்குக் கண்டனம் என்று அச்சடித்துக்கொண்டு வந்தார். 1942-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெறும் வணிக விளம்பரத்துக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு கிடையாது என்ற அந்த முடிவு 1976 வரை நின்றது. மருந்து விலையை விளம்பரப்படுத்தும் உரிமை பற்றிய வர்ஜீனியா வழக்கில்தான் அது தகர்ந்தது. ஆனால் பழைய தீர்ப்பின் நிழலில் எழுதப்பட்ட ஊர்ச் சட்டங்கள் பல அப்படியே புத்தகத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்று பின்னால் சின்சினாட்டியில் விழித்தெழுந்தது.

லேக்வுட் வழக்கு 1988 ஜூன் 17 அன்று முடிந்தது. ஒன்பது நீதிபதிகளில் இருவர் கலந்துகொள்ளவில்லை. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகை வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரெனன். மேயர் உண்மையிலேயே பழிவாங்கினாரா என்பதை அவர் தேடவே இல்லை. பழிவாங்க முடியும் என்ற நிலையே போதும் என்றார். ஆண்டுதோறும் அனுமதிக்குப் போய் நிற்க வேண்டிய ஆசிரியர், அடுத்த தேர்தலில் யாரை ஆதரித்து எழுதுவது என்று யோசிக்கும்போது அந்த விண்ணப்பமும் நினைவுக்கு வரும். வராத வார்த்தைகளைக் கொண்டு வழக்குப் போட முடியாது. எழுதாமல் விட்ட தலையங்கம் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாக நிற்காது. ஆகவே விதி முன்கூட்டியே, எல்லோருக்கும் பொதுவாக, அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதமும் பலவீனமானதல்ல. சிறுபான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வைட், நடைபாதையில் பெட்டி வைக்கப் பத்திரிகைக்கு உரிமையே கிடையாது, ஊர் நினைத்தால் எல்லாப் பெட்டிகளையும் தடுக்கலாம் என்றார். முழுதாகத் தடுக்க முடியுமென்றால், மேயர் பார்த்துக் கொடுக்கும் அனுமதி அதைவிடச் சிறிய அதிகாரம்தானே? பிரெனன் இதை ஏற்கவில்லை. எல்லோரையும் தடுக்கும் சட்டத்தில் யார் மேலும் விரோதம் காட்ட வழியில்லை; ஆளைப் பார்த்துத் திறக்கும் கதவில்தான் விரோதம் நுழையும். முழுத் தடை செல்லுமா என்ற கேள்வியை லேக்வுட் தீர்ப்பு முடிக்காமலே விட்டது. அந்த இடைவெளியில் நின்றுதான் பிற்பாடு பல ஊர்கள் வாதாடின.

இதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே கலிஃபோர்னியாவின் மாநில உச்ச நீதிமன்றம் இன்னொரு முனையைத் தொட்டிருந்தது. விதியை மீறிய பெட்டியை முன்னறிவிப்போ விசாரணையோ இல்லாமல் தூக்கிக்கொண்டு போக லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சட்டம் அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. 1977-இல் அது செல்லாது என்றானது. உடனடி ஆபத்து இல்லாதபோது, உரிமையாளருக்குச் சொல்லி, அவர் பக்கத்தைக் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். பெட்டியை வைக்க அனுமதிப்பதில் எவ்வளவு நியாயம் வேண்டுமோ, அதை எடுப்பதிலும் அவ்வளவு நியாயம் வேண்டும் என்று ஆக்கிய இந்தத் தீர்ப்பு லேக்வுட் அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்.

சின்சினாட்டிக்கு வருவோம். டிஸ்கவரி நெட்வொர்க் என்ற நிறுவனம் பெரியவர்களுக்கான வகுப்புகளையும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் நடத்தியது. அவற்றை விளம்பரப்படுத்தும் இலவச இதழை ஆண்டுக்கு ஒன்பது முறை அச்சிட்டது. ஹார்மன் பப்ளிஷிங் வீடு விற்பனை இதழை வெளியிட்டது. 1989-இல் நகராட்சியே அனுமதித்து, முன்னதற்கு 38, பின்னதற்கு 24 என மொத்தம் 62 பெட்டிகள் நடைபாதைகளில் நின்றன. மறு ஆண்டே அனுமதியைத் திரும்பப் பெற்றது. இவை ‘வணிக நோட்டீஸ்கள்’, பழைய சட்டப்படி பொது இடத்தில் கொடுக்கக் கூடாதவை என்று காரணம் சொன்னது. நடைபாதையின் பாதுகாப்பும் அழகும்தான் நோக்கம் என்றது.

ஊரில் மொத்தம் இருந்தவை 1,500 முதல் 2,000 பெட்டிகள். செய்தித்தாள் பெட்டிகள் அத்தனையும் அப்படியே நிற்க, 62-ஐ மட்டும் அகற்றினால் எவ்வளவு அழகு கூடிவிடும்? 1993 மார்ச்சில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீடு விற்பனை இதழின் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறதோ, அதே அளவுதான் நாளிதழின் பெட்டியும் என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். பெட்டியின் அளவு, உருவம், எண்ணிக்கை ஆகியவற்றுக்கு விதி போட நகராட்சி முயலவே இல்லை. உள்ளே இருக்கும் காகிதத்தைப் படித்துப் பார்த்துப் பிரித்தது. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் உடன்படவில்லை: 62 குறைந்தால் 62 குறைந்ததுதான், அதையும் செய்யக் கூடாதென்றால் ஊர் எதைச் செய்யும் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஊர்களே பதில் கண்டுபிடித்தன: தோற்றத்தை விதியாக்குவது. ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸ், 1920-களில் ஜார்ஜ் மெரிக் மத்தியதரைக்கடல் பாணியில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். வீட்டுச் சுவரின் வண்ணம் வரை கவனிக்கும் அந்த நகராட்சி, எல்லாப் பத்திரிகைப் பெட்டிகளும் ஒரே நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்றது: வெளிர்மஞ்சள் கலந்த மங்கல் நிறப் பெட்டி, பழுப்பு நிறக் கால். பெட்டி மேல் எழுதும் பெயரின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தே நிறத்தால் அடையாளம் தெரிவதுதான் பத்திரிகைகளின் முதலீடு. அதைப் பிடுங்குகிறீர்கள் என்று வெளியீட்டாளர்கள் வாதாடினார்கள். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் நின்றது. எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்தளவு என்றால் யாருடைய கருத்துக்கும் தனிக் கேடு இல்லை.

பாஸ்டனின் பீக்கன் ஹில் இன்னும் ஒரு படி போனது. செங்கல் பதித்த குறுகிய நடைபாதைகள், எரிவாயு விளக்குகள், பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள். 1955-இல் வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே வீட்டுக் கதவுக்கு வேறு வண்ணம் அடிக்கவே கட்டடக்கலை ஆணையத்தின் சம்மதம் வேண்டும். ஆணையம் தெருவில் பத்திரிகைப் பெட்டிகளே கூடாது என்று தீர்மானித்தது. ‘பாஸ்டன் குளோப்’ உள்ளிட்ட பத்திரிகைகள் வழக்குப் போட்டு முதல் சுற்றில் வென்றன. 1996-இல் மேல்முறையீட்டில் தோற்றன. வட்டாரத்தின் எந்தப் புள்ளியில் நின்றாலும் 1,000 அடிக்குள் பத்திரிகை கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து போடுவதற்கும் தெருவில் ஆள் நின்று விற்பதற்கும் தடையில்லை. ஆகவே இந்தத் தடை செய்தியைத் தடுக்கவில்லை, பெட்டியை மட்டும் தடுக்கிறது என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை முழு மனதோடு ஏற்பது கடினம். 1,000 அடிக்குள் கடை இருக்கிறது என்பது கடை திறந்திருக்கும் நேரத்துக்குத்தான் பொருந்தும்; எந்தப் பத்திரிகையை வைப்பது, எதை விடுவது என்று கடைக்காரர் முடிவு செய்வார். பெரிய நாளிதழுக்கு அங்கே இடம் உறுதி. காசு வாங்காத வார இதழை அடுக்கி வைக்கக் கடைக்காரருக்கு என்ன லாபம்? சிறு பத்திரிகைக்கு நடைபாதைப் பெட்டி, யாரையும் தயவு கேட்காமல் வாசகரைச் சந்திக்கும் ஒரே இடமாக இருந்தது. நீதிமன்றம் அடிகளை அளந்தது சரி. அந்த அடிகளின் முடிவில் எந்தப் பத்திரிகைகள் கிடைத்தன என்பதையும் எண்ணியிருக்கலாம்.

நியூயார்க் 2002-இல் தன் உள்ளூர்ச் சட்டத்தை எழுதியபோது இந்தத் தீர்ப்புகள் எல்லாம் மேசையில் இருந்தன. அங்கே அனுமதிக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். வைத்த இடத்தை நகரப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, விதிப்படி வைத்திருந்தால் போதும். உயரம் 50 அங்குலத்துக்குள், அகலமும் ஆழமும் 24 அங்குலத்துக்குள். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி தள்ளி. விளக்குக் கம்பத்திலோ மரத்திலோ கட்டக் கூடாது. உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் பெட்டியில் தெரிய வேண்டும். கிறுக்கல்களை அழித்துச் சுத்தமாக வைக்க வேண்டும். லேக்வுட்டில் மேயரின் மனதில் இருந்தது இங்கே காகிதத்துக்கு வந்துவிட்டது. அளவு நாடா வைத்திருக்கும் எந்தக் குடிமகனும் ஒரு பெட்டி சட்டப்படி நிற்கிறதா என்று தானே சொல்லிவிட முடியும்.

சான் பிரான்சிஸ்கோ வேறு வழியில் போனது. 1990-களின் இறுதியில் தனித்தனிப் பெட்டிகளுக்குப் பதில், பல அறைகள் கொண்ட, தரையில் பதித்த பொது அலமாரிகளை நிறுவும் திட்டத்தைச் சட்டமாக்கியது. அலமாரியைச் செய்து பராமரிப்பது கிளியர் சேனல் நிறுவனத்தின் வேலை. பதிலுக்கு அதன் முதுகில் விளம்பரம் ஒட்டிச் சம்பாதித்துக்கொள்ளலாம். நடைபாதை ஒழுங்கானது. ஆனால் அலமாரியில் அறைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பெட்டி செய்யக் காசிருந்தால் வைக்கலாம் என்ற நிலை போய், அறை கிடைத்தால் வைக்கலாம் என்றானது. ஹவாயின் வைக்கீக்கியில் இதே போன்ற அலமாரிகளைக் காசுப் பத்திரிகைகளுக்கும் இலவசப் பத்திரிகைகளுக்கும் தனித்தனியாகப் பிரித்து, குலுக்கல் முறையில் அறை ஒதுக்கினார்கள். இலவச இதழான ‘ஹொனலுலு வீக்லி’ வழக்குப் போட்டது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் ஏற்பாட்டை ஏற்றது.

அட்லாண்டா விமான நிலையத்தில் நடந்தது தனிக் கதை. 1996 ஒலிம்பிக் போட்டிகளை எதிர்பார்த்து நிலையத்தை அழகுபடுத்தியபோது, பத்திரிகைகள் தங்கள் பெட்டிகளை எடுத்துவிட்டு, நகரத்தின் பெட்டிகளை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெட்டிகளில் கொக்கோகோலா விளம்பரம் இருந்தது. அட்லாண்டா கோலா பிறந்த ஊர்தான். அதற்காக ஒரு நாளிதழ் தன் முகத்தில் அதைச் சுமக்க வேண்டுமா? வழக்கு 2003 வரை இழுத்தது. விமான நிலையம் வணிகம் நடத்துவதால் செலவுக்கு மேல் கட்டணம் வாங்கலாம், ஆனால் கட்டணத்தையும் இடத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரிக்குக் கட்டுப்பாடில்லாத அதிகாரம் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. லேக்வுட்டின் கடைசி வரி பதினைந்து ஆண்டு கழித்து இங்கேயும் வந்து நின்றது.

பத்திரிகைகள் தோற்க வேண்டிய இடத்தில் தோற்றதும் உண்டு. பெட்டிக்கு வயது கேட்கத் தெரியாது. சிறார்க்குத் தீங்கான பாலியல் இதழ்களை ஆள் கண்காணிப்பு இல்லாத நடைபாதைப் பெட்டிகளில் விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பெரியவர்களுக்கு வாங்க வேறு வழிகள் இருந்தன. குழந்தையின் கண்மட்டத்தில் அந்தக் கண்ணாடி நின்றது.

வழக்குகளில் உயிர்பிழைத்த பெட்டியைக் கடைசியில் சாய்த்தது சட்டமல்ல. 25 சென்ட் விலையில் ஒரே நாணயம் போதுமாக இருந்தது. விலை ஒரு டாலரை எட்டியபோது நான்கு நாணயங்கள், ஞாயிறு இதழுக்கு இன்னும் கூடுதல். சட்டைப்பையில் அத்தனை சில்லறையோடு யாரும் நடப்பதில்லை. பிறகு கைப்பேசி வந்தது. பாஸ்டனின் ‘ஃபீனிக்ஸ்’ 2013-இல் மூடப்பட்டது. 1996 முதல் இலவசமாகப் பெட்டிகளில் கிடைத்த நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ 2017 செப்டம்பரில் அச்சை நிறுத்தியது. நடைபாதைகளில் பெட்டிகள் மட்டும் நின்றன. உள்ளே காகிதக் கோப்பைகளும் வாழைப்பழத் தோலும் சேர்ந்தன.

எனவே நகராட்சிகளின் கவனம் இப்போது அகற்றும் விதிகளுக்குப் போயிருக்கிறது. சட்டத்தில் குறித்த நாட்களுக்குத் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் அது கைவிடப்பட்ட பெட்டி என்று பல ஊர்கள் எழுதிவைத்திருக்கின்றன. இங்கும் பழைய ஆபத்து அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை வரும் வட்டார இதழும், புலம்பெயர்ந்தோருக்காக அவர்கள் மொழியில் வரும் ஏடும் இரண்டு இதழ்களுக்கு நடுவே தீர்ந்துபோனால் அந்தப் பெட்டியும் சில நாட்கள் காலிதான். யார் வந்து பார்த்தார், எத்தனை நாள் பார்த்தார், யாருக்குத் தகவல் கொடுத்தார் என்ற மூன்றும் விதியில் இருந்தால்தான், செத்த பெட்டியையும் உயிருள்ள பெட்டியையும் ஒரே லாரியில் ஏற்றாமல் இருக்க முடியும். 1977-இல் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு கேட்டதும் இதைத்தான். பெட்டியின் மேல் உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்ற நியூயார்க் விதி, தூக்குவதற்கு முன் ஒரு தடவை அழைத்துக் கேட்பதற்கு வழி வைத்திருக்கிறது.